கடையில் இல்லாத குரல்

செல்லியம்மா அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் கோதா, "என்ன செல்லியம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. செல்லியம்மா இடுப்பில் செருகியிருக்கும் போனை எடுப்பாள், திரையில் ஒரு கட்டத்தைத் தொடுவாள், "உசுரோட கீறேன் மேடம், இன்னும் சாவல!" என்று அவள் குரலே அறை அதிர வரும். வெளியே பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். குரல்வளையையே எடுத்துவிட்ட பொம்பளை இந்தக் கத்துக் கத்துகிறாளே என்று அவர்களுக்கு ஆச்சரியம். அப்படி ஆச்சரியப்பட வைப்பதில் செல்லியம்மாவுக்கு ஒரு அலாதி சந்தோஷம். இன்றைக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கழுத்தில் மூச்சுத் துளையை மறைத்திருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"போன் எங்க?"

பின்னால் பையும் ஃபைலுமாக நின்றிருந்த அவள் புருஷன் முனிசாமிதான் பதில் சொன்னார். "ஊட்ல கீது மேடம். அரிசி ட்ரம்முல போட்டு மூடி வச்சிக்கினு கீறா. எடுமேன்னா எடுக்க மாட்டேன்றா."

கோதா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் ஸ்பீச் தெரபிஸ்ட். அவள் குடியிருக்கும் வடக்கு மாட வீதி மாமிகளுக்கு 'திக்குவாய் டாக்டர்'. அந்தப் பட்டத்தைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். தொண்டைப் புற்றுநோய்க்காரர்களைக் கத்தி வைப்பதற்கு முன்னால் அவளிடம் அனுப்புவார்கள். அவள் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாளைக்கோ மறுநாளோ போகப் போகிற குரலை இன்றைக்கே சொல் சொல்லாகப் பிடித்து போனுக்குள் வைத்துவிடுவாள். அதற்கான ஆப்பை எழுதியது அவள் தம்பி பிரஹ்லாத். மறுகுரல் என்று பெயர், பச்சை நிறத்தில் ஒரு சங்கு அடையாளம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள். சம்பளத்துக்குப் பார்க்கும் கம்பெனி வேலை முடிந்த பிறகு, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தின் ஏதேதோ மூலையில் இருந்த நாலைந்து பேரோடு சேர்ந்து அவன் இதைக் கட்டியிருந்தான்.

செல்லியம்மாவைப் பதிவு செய்த நாளை கோதா மறக்க மாட்டாள். விஜயபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் வேர்க்கடலை போடுகிறார்கள். வழக்கமான சொற்களை கோதா வாசித்தாள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, கழிவறைக்குப் போக வேண்டும். கரகரத்த தொண்டையோடு செல்லியம்மா சிரித்தாள். "இன்னா மேடம், எல்லாம் நோவாளி பேச்சா கீது? தண்ணி வேணும்னா நானே போய் மொண்டுக்க மாட்டனா?" பிறகு அவளே ஆரம்பித்தாள். புருஷனைத் திட்ட நாலு வசவு, ஒன்றைவிட ஒன்று காரம். புத்தூர் கமிஷன் மண்டிக்காரனிடம் தெலுங்கில் பேரம் பேச, "ஆ ரேட்டுகா? போவய்யா!" பக்கத்து வீட்டுக் கோழியை விரட்ட ஒன்று. அண்ணன் வீட்டுக்குப் போனால் வாசலிலிருந்தே கூப்பிட, "ண்ணோவ்! ஊட்ல கீறியா?" ஒவ்வொன்றும் பதிவானதும் போட்டுக் கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி. கோதா அத்தனை சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நாளை காலை இந்தத் தொண்டை இருக்காது என்பது நினைவுக்கு வந்து திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு, பேச்சு வருவதற்காகத் தொண்டையில் ஒரு வால்வு வைத்துப் பார்த்தார்கள். புண்ணாகிப் போய் எடுத்துவிட்டார்கள். ஆகவே செல்லியம்மாவுக்கு வாய் என்றால் அந்த போன்தான்.

பதிவு முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. இரைச்சலை நீக்கிச் சரிசெய்வதற்காகத் தன் கணினியில் வைத்திருந்த பிரதியை, குரலுக்கு உரியவர் கண்ணெதிரிலேயே கோதா அழித்துவிடுவாள். "உங்க குரல் இனிமே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்று சொல்வாள். பிரஹ்லாத் வகுத்த விதி அது. வேறொருவன் வீட்டுக் கணினியில் அது போய் உட்காரக் கூடாது, எந்தக் கம்பெனியிடமும் கூடாது, நம்மிடமும் கூடாது. மலைமேல் பிரபந்த கோஷ்டியில் ஆயுசு முழுக்க நின்ற அப்பா தோதாத்ரியிடமிருந்து வந்த கறார் அது. திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கு என்று, அங்கே காலடி வைத்தால் தலையில் ஒரு மல்லிகை இதழ்கூட இருக்கவிடாத வீடு. எது யாருடையது என்பதில் அந்த வீட்டுப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றாள் கோதா.

முனிசாமி மனைவியைப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை.

"பொண்ணு கம்பெனிக்குப் போய்க்கினு கீதில்ல மேடம், சிவசங்கரி. சம்பளம் சேத்து வச்சி அம்மாளுக்குப் புது போன் வாங்கியாந்துச்சி. பழசு ஒட்ஞ்சி போயிருந்தது, பேட்டரி நிக்கல. கடையிலயே அந்த மறுகுரல இறக்கிக் குடுத்துட்டாங்க. அதே பேரு, அதே சங்கு. பழைய போன எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கினாங்க. ஊட்ல வந்து அமுக்கனா எவளோ ஒரு பொம்பள பேசறா, டிவில நியூஸ் படிக்கிற மாதிரி. செரி, இன்னாவோ ஒண்ணு பேசுதேன்னு வச்சிக்கினோம்." அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "இவ அண்ணன் செத்துட்டாரு மேடம், போன மாசம். பொணத்தாண்ட உக்காந்துக்கினு எல்லாப் பொம்பளைங்களும் அழுவறாங்க. இவளால சத்தம் போட்டு அழ முடியாது. போன எடுத்து அண்ணான்னு ஒரு தடவ அமுக்கனா. அந்தப் பொம்பள அண்ணான்னு சொல்லிச்சி. ஒடனே பாட்டு வந்துச்சி. ரம்மி ஆடுங்க, லட்சம் ஜெயிங்கன்னு. நிறுத்தவே தெரியல. பொணத்தாண்ட நின்னுக்கினு பசங்க சிரிச்சிட்டானுங்க மேடம்."

செல்லியம்மா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள்.  

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தன் போனில் ஆப் ஸ்டோரைத் திறந்து தேடினாள். இருந்தது. அதே பெயர், தம்பி வரைந்த அதே சங்கு. கீழே சின்ன எழுத்தில், விளம்பரங்கள் உண்டு என்று. யாரோ ஒருவன் பிரஹ்லாத் எழுதியதை அப்படியே எடுத்து, கட்டங்களில் எவளுடைய குரலையோ நிரப்பி, நடுவே விளம்பரத்தைச் செருகி, தன் பெயரில் வைத்திருக்கிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எத்தனையோ ஆயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். அத்தனை பேரும் குரல் போனவர்கள்.

இது இப்படித்தான் முடியும் என்று அவள் பயந்ததுண்டு. தம்பியிடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று. நோயாளிகளுக்கு நம் இணையதளத்திலிருந்து இறக்கத் தெரியவில்லை, எல்லாரும் ஸ்டோரில்தான் தேடுகிறார்கள், அதிலும் போட்டுவிடேன் என்று. அவன் அசைய மாட்டான்.

"ஸ்டோர்க்காரன் ரூல்ஸுக்கெல்லாம் தலையாட்டிக் கையெழுத்துப் போடணும் அக்கா. நாளைக்கு ஒரு காரணமும் சொல்லாம தூக்கி எறிவான், கேக்க நாதியில்ல. எடுக்கறவா எல்லாரும் பேரையும் நம்பரையும் அவன்கிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். யார் யாருக்குத் தொண்டை போயிடுத்துன்னு ஒரு கம்பெனிக்கு எதுக்குத் தெரியணும்? நாளைக்கு அதை யாருக்கு விப்பானோ!"

"உடையவர் கோபுரத்து மேல ஏறி நின்னுண்டு எல்லாருக்கும் மந்திரத்தைச் சொன்னாரே, கோபுரம் யார் பேர்ல இருக்குன்னு பட்டா பாத்துண்டா ஏறினார்?"

"கேக்க வந்தவாகிட்ட ஆதார் கார்டு கேக்கலையே அக்கா அவர்!"

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவனை வளைக்க முடியாத இந்தக் குணத்தில் அவளுக்கே ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. அதனால்தான் அதற்கு மேல் அழுத்திக் கேட்காமல் விட்டாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே கசந்தது.

செல்லியம்மா விஷயத்தைச் சொன்னபோது பிரஹ்லாத் முதலில் இயந்திரத்தைத்தான் நினைத்தான். பழைய போன் எந்தக் கடையில், யார் கையில், அழித்ததை மீட்க முடியுமா. மறுநாளே லீவு போட்டுப் புத்தூருக்குப் போனான். கடைக்காரர் நல்ல மனுஷர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சென்னைக்கு மூட்டையோடு அனுப்பிவிடுவோம் சார், இப்போது எங்கே இருக்கிறதோ, யார் பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தான்.

"லைசென்ஸ்படி பாத்தா அந்த விளம்பரக்காரன் நம்ம ஆப்பை எடுத்துண்டது தப்பே இல்ல அக்கா. பேரை எடுத்ததுக்கு வேணா சண்டை போடலாம். மத்தபடி யார் வேணா எடுத்துக்கோங்கோன்னு எழுதிக்குடுத்தவன் நான்தான்."

"நாம ஸ்டோர்ல போட்டிருந்தா அந்தக் குரல் இருந்திருக்குமா? அதை மட்டும் சொல்லு."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். இல்லை, பழைய போன் அப்போதும்தானே போயிருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவனுக்கு இடம் இருந்தது. சொல்லவில்லை.

"நம்ம ஆப்பை முதல் தடவை திறந்தா ஒரு பக்கம் வரும் அக்கா. 'பழைய போனில் உங்கள் குரல் இருக்கிறது, அதை இதற்கு மாற்றும் வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்'னு. அதைத் தாண்டாம உள்ள போக முடியாது. அந்தப் பொண்ணு கடையிலதான திறந்து பாத்திருக்கா? பழைய போன் அப்போ அவ கையிலயேதான இருந்திருக்கு?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவன் அந்தப் பக்கத்தை எடுத்துட்டு அங்கதான் முதல் விளம்பரத்தை வெச்சிருக்கான்."

கோதா உள்ளே போய்விட்டாள். அவன்மேல் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் செல்லியம்மா கண்ணெதிரில் அந்தப் பிரதியை அழித்தது அவள் விரல் அல்லவா? அழிக்கும்போது அதை ஒரு புண்ணிய காரியம் போல நினைத்துக்கொண்டு வேறு செய்தாள். யாருடையதோ அது அவர்களிடம் சேரட்டும் என்று இரண்டு பேரும் நேர்மையாக இருந்திருக்கிறார்கள். அந்த நேர்மையில் ஒரு மனுஷியின் குரல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் செல்லியம்மா ஊருக்குப் பஸ் ஏறினார்கள். புத்தூர் தாண்டும்போது பிரஹ்லாத், "ஸ்டோர்ல சேர ஒப்பந்தம் இருக்கே, நேத்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன்" என்றான். சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினாயா என்று கோதா கேட்கவில்லை.  நகரியில் வேறு பஸ், பிறகு ஒரு ஷேர் ஆட்டோ.

காலனி வீட்டின் முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். சிவசங்கரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் குரலை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தவள் என்று ஊரில் யாரோ அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். வேறு எங்காவது இருக்குமா என்று கோதா கேட்டாள். வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய பேச்சுகளையெல்லாம் இடம் போதவில்லை என்று அவ்வப்போது அழித்துவிட்டிருக்கிறாள். ஒரு கல்யாண வீடியோ இருந்தது. அதில் செல்லியம்மா வாய் அசைவது தெரிந்தது, கேட்டது பேண்டு வாத்தியம்தான்.

முனிசாமி ட்ரம்மிலிருந்து போனை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டுக் கொண்டுவந்தார். பிரஹ்லாத் விளம்பரக்காரனின் ஆப்பை நீக்கிவிட்டுத் தன் தளத்திலிருந்து அசலை இறக்கினான். திரை நடுவே சிவப்பு எழுத்தில் ஒன்று வந்து நின்றது. சிவசங்கரி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"இது உங்க போனுக்கு ஆபத்துன்னு சொல்லுது சார்."

"ஆமாம்மா. இதுக்கு அப்படித்தான் சொல்லும்."

"அன்னிக்கு எறக்கனதுக்கு ஒண்ணுமே சொல்லல சார்." அவள் குரலில் கோபம் இல்லை, வெறும் சந்தேகம்தான். "இத ஏன் சார் ஸ்டோர்ல வெக்கல? வெச்சிருந்தா நான் இதத்தான எடுத்திருப்பேன்?"

"அது வந்தும்மா..." என்று பிரஹ்லாத் ஆரம்பித்தான். எத்தனையோ கூட்டங்களில், ஹைதராபாத்திலும் பெங்களூரிலும், மேடை போட்டுப் பேசிய விஷயம். மோர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தான். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சிவப்பு எழுத்தைத் தாண்டும் பொத்தானை அழுத்தினான்.  

ஆப் திறந்தது. முதல் பக்கத்தில் அந்த எச்சரிக்கை வரி வந்தது. பிரஹ்லாத் அதை வேகமாகத் தள்ளிவிட்டான். பிறகு கட்டங்கள், எல்லாம் காலி. செல்லியம்மா போனை வாங்கி ஒரு கட்டத்தைத் தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். ஒன்றும் வராததைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கோதாதான் கேட்டாள். "சிவசங்கரி, உன் குரலும் அம்மா குரலும் ஒரே மாதிரி இருக்குமா?"

"ஒரே மாதிரிதான் மேடம்" என்று முனிசாமி முந்திக்கொண்டார். "போன்ல பேசனா எனக்கே தெரியாது. ஆத்தாளா பொண்ணான்னு ரெண்டு வார்த்த பேசவுட்டுத்தான் கண்டுபுடிப்பேன்."

சிவசங்கரி மாட்டேன் என்று தலையாட்டினாள். செல்லியம்மா எழுந்து வந்து மகளின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரில் தரையில் தான் உட்கார்ந்துகொண்டாள். பிரஹ்லாத் போனை நீட்டினான். முதலில் புருஷனைத் திட்டும் வசவுகள். நைனாவைப் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல மகளுக்குக் கூச்சமாக இருந்தது. செல்லியம்மா கையை வீசி, இன்னும் உரக்க, இன்னும் காரமாக என்று காட்டினாள். "யோவ், துன்னியா இல்லியாய்யா?" என்று சிவசங்கரி சொன்னபோது முனிசாமி தன்னையறியாமல், "துன்னுட்டன்மே" என்று பதில் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். செல்லியம்மாவும் சிரித்தாள், கழுத்துத் துணி புஸ்ஸென்று ஏறி இறங்கியது.  ஏதோ ஒன்று மிஞ்சும் என்று கோதாவுக்குத் தோன்றியது.

ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது செல்லியம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள். மகளைத் தொட்டாள். பிறகு தன் வாயைத் தொட்டாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடலை போட்டிருந்த கொல்லையைக் காட்டினாள். சிவசங்கரிக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?" என்றாள். மறுபடியும் அதே மூன்று சைகை.

"உன் பேரச் சொல்லுதுடி" என்றார் முனிசாமி. "உன்னியக் கூப்புடறத."

சிவசங்கரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனின் பக்கம் குனிந்து, "சங்கரி" என்றாள். செல்லியம்மா இல்லை என்று தலையாட்டினாள். "ஏ சங்கரி." அதுவும் இல்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்தாள், மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வரப்புக்குப் போனாள். பிரஹ்லாத் போனை ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினான், கோதாவும் போனாள். கடலைக்கொடி கணுக்கால் உயரம் நின்றது. பங்குனி வெயிலில் கொல்லையில் ஒரு ஆள் இல்லை.

செல்லியம்மா வரப்பில் நின்று, இரண்டு கைகளையும் வாயின் இருபுறமும் குவித்துக் காட்டினாள். எதிர்க் கோடியைக் கை நீட்டிக் காட்டினாள். அவ்வளவு தூரம் கேட்க வேண்டும்.

சிவசங்கரி கையைக் குவித்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. செல்லியம்மா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள், சின்னப் பிள்ளைக்குப் புரையேறினால் தட்டுகிற தட்டு.

"ஏ சங்கரீ..! எங்கடி கீற? ஊட்டுக்கு வாடீ..!"

குரல் கொல்லையின் மேல் நீளமாகப் போயிற்று. கையைக் குவித்தபடியே சிவசங்கரி நின்றிருந்தாள், கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. எதிர்க் கோடியில் பனைகளைத் தவிர ஒன்றும் இல்லை. பிரஹ்லாத் பதிவை நிறுத்த மறந்து போனை நீட்டிக்கொண்டே இருந்தான், போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. செல்லியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து, யாரோ அங்கிருந்து எழுந்து வரப்போவதைப் போல, அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.